பத்தொன்பது டிகிரி வெயில்

1

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மழை கொட்டியதற்கு நான்தான் காரணம். இதை அந்த வீட்டு அம்மாவிடமே ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை.

அயர்லாந்தின் மேற்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் இது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவர் சேவியர் பால் வண்டி ஓட்டுகிறார். மகள் அனிட்டாவுக்குப் பதினாறு வயது. வந்து ஒன்பது வருஷமாகிறது. பக்கத்து வீட்டு மோரீன் அறுபதைத் தாண்டியவர். அவருடைய கடைசி மகளுக்குப் போன சனிக்கிழமை கல்யாணம்.

அதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். மே மாதத்தில் இங்கே ஒன்பதரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். லேசான தூறல். மோரீன் வீட்டு வேலிச்செடிக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால், குழந்தை இயேசு சொரூபம். தலையில் கிரீடம், கையில் உலக உருண்டை, சிவப்பு அங்கி. எங்கள் ராயப்பன்பட்டியில் எத்தனையோ வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை போட்டிருக்கிற அதே சொரூபம். இங்கே ஈர மண்ணில் முகமெல்லாம் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் உடைந்து ஒட்டவைத்த கோடு வேறு.

கல்யாணத்துக்கு வீட்டை ஒழிக்கும்போது யாரோ தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மனசு பொறுக்கவில்லை. கதவைத் தட்டினேன். ஆளில்லை. எல்லோரும் கோயிலுக்கு ஒத்திகைக்குப் போயிருந்தார்கள். சொரூபத்தைத் துண்டில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். சேறு போகத் துடைத்து, ஜெபம் பண்ணும் மேசையில் வைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். "நல்ல காரியம் செஞ்ச" என்றார் சேவியர்.

காலையில் கண் விழிக்கும்போதே கூரையில் சடசடவென்று சத்தம். எட்டு மணிக்கு மோரீன் கதவைத் தட்டினார். தலைமுடியைச் சுருட்டிக் கட்டிய நிலையிலேயே மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வேலியோரம் வைத்த ஒன்றைக் காணவில்லை, நாய் ஏதும் இழுத்துப் போனதைப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண் என் தோளுக்குப் பின்னால் மேசையில் போய் நின்றது. மாடிப்படியில் இறங்கி வந்த அனிட்டா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா! அது கல்யாணத்தன்னைக்கு வெயில் அடிக்கணும்னு வெளிய வைக்கிறது. என் ஃப்ரெண்டு வீட்டுலகூட வச்சாங்க. அதைப் போய் எடுத்துட்டு வந்திருக்கீங்களே!"

மோரீன் என்னைப் பார்த்தார், எரிந்து முடிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அறியாமல் செய்ததுதானே, பரவாயில்லை என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் சொரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கொட்டுகிற மழையில் நேரே வேலிக்குத்தான் போனார். இனி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடவில்லை. மண்ணை அழுத்தி, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி, ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொருத்தர் வீட்டு வானத்தில் நான் கைவைத்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றி அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

2

எங்கள் வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம். அப்பா போனபிறகு அண்ணன் அருள்தான் பார்க்கிறார். கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்த பந்தல். பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காய் பழுக்கிற கடைசிப் பத்து நாளில் மழை விழுந்தால் திராட்சை தோல் வெடித்துப்போகும். உலகமே மழை வேண்டுமென்று கேட்கிற நேரத்தில், மழை வேண்டாமென்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிற சனம் நாங்கள்.

என் மதினி தெரசு வேறு மாதிரி வீட்டிலிருந்து வந்தவர். அவருக்குத் தேவாரம் ஊர். மலையடிவாரத்தில் வானத்தை நம்பி நிலக்கடலையும் சோளமும் போட்ட குடும்பம். எங்களுக்குக் கிணறு இருந்தது, பெரியாற்றுத் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்காக நாங்கள் மேலே பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டில் மழைக்காகக் காத்திருந்து காத்திருந்து, அதன் வருகையை எதில் எதிலெல்லாம் பார்க்கமுடியுமோ அதிலெல்லாம் பார்க்கப் பழகியிருந்தார்கள். அந்தக் கண்ணோடு எங்கள் வீட்டுக்கு வந்தார் மதினி. அங்கே ஆசையாகத் தேடிய அடையாளங்களை இங்கே பயத்தோடு தேட வேண்டியதாயிற்று.

அவர் என்னைவிட மூன்று வயசுதான் மூத்தவர். நான் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு வந்தால் இரண்டு பேருக்கும் இதே வழக்குத்தான். உப்பு ஜாடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். "கசியுது, பாத்தியா?" என்பார். குருவி புழுதியில் புரண்டு குளித்தால் ஒரு கணக்கு. தட்டான் இடுப்புயரத்தில் சுற்றினால் ஒரு கணக்கு. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தால், அது நெருக்கமா தள்ளியா என்று ஒரு கணக்கு. வழக்கமாகக் கேட்காத அடுத்த ஊர்க் கோயில் மணி தெளிவாகக் கேட்டால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்.

"காத்துல ஈரம் இருந்தா உப்பு கசியத்தான் செய்யும் மதினி. அதுக்கும் மழைக்கும் என்ன?"

"ஈரம் எங்கனருந்து வந்துச்சு, அதச் சொல்லு."

நான் ஜாடியை வாங்கி மூடி வைப்பேன்.

ஒரு வருஷம் ஊர்த் திருவிழா. மாலை தேர் கிளம்ப வேண்டும். வானத்தில் ஒன்றுமே இல்லை. மதினி மட்டும் கிழக்கே பார்த்துவிட்டு, "மலை கிட்ட வந்திருச்சு" என்றார். மேகமலை எப்போதும் நீலப் புகையாகத் தூரத்தில் நிற்கும். சில நாள் மட்டும் மடிப்பு மடிப்பாக, மரம் மரமாக, ஊர் எல்லைக்கே நகர்ந்து வந்த மாதிரி தெரியும். மதினி வீட்டிலிருந்து தார்ப்பாய் எடுத்துவந்தார். தேர் அலங்காரம் செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். தேர் இரண்டாவது தெரு திரும்பவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மாதாவின் பட்டுப் புடவை நனையாமல் போனது அந்தத் தார்ப்பாயால்தான்.

எப்போதும் இப்படிப் பலித்துவிடும் என்று சொல்லமாட்டேன். பலிக்காத நாட்களும் உண்டு. அப்போது அண்ணன் கேலி செய்வார். மதினி கோபிக்கமாட்டார். "நான் என்ன சாமியாடியா? கண்டதச் சொன்னேன்" என்று போய்விடுவார்.

3

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம். முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே விழுகிற தூறலைப் பார்த்து "சாஃப்ட் டே, தேங்க் காட்" என்றார். மெல்ல முடியாதவர்களுக்குக் கொடுக்கிற குழைவான சாப்பாட்டுக்கு நாங்கள் 'சாஃப்ட் டயட்' என்று எழுதுவோம். பாவம், பல் வலி போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, அன்று மதியம் அவருக்கு எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பிரியமான இறைச்சித் துண்டு வரவில்லையென்று பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டார். இப்படி விடாமல் தூறுகிற நாளுக்கு இவர்கள் வைத்திருக்கிற செல்லப் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது.

மழையை இப்படிக் கொஞ்சுகிற ஊரில், எனக்கு மட்டும் எந்த அடையாளமும் பிடிபடவில்லை. இங்கே எறும்பு எங்கே ஏறுகிறது என்று தெரியாது. மண்ணுக்கு வாசம் கிடையாது. காய்ந்தால்தானே நனையும்போது வாசம் வரும்? காலையில் வெயில், பத்து நிமிஷத்தில் மழை, மறுபடி வெயில். மதினி இங்கே வந்தால் ஒரே நாளில் சலித்துப்போய் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்குப் பேசுவேன். அண்ணனிடம் பேச வேறென்ன இருக்கிறது? உடம்பு எப்படி, மழை உண்டா. அவரும் அதே. ஒருநாள், "ஒங்க போன்ல இந்த மேகமெல்லாம் தெரியுமாமே, அங்கனருந்து பாத்துச் சொல்லேன்" என்றார். அவர் கையிலும் போன் இருந்தது. ஆனால் தங்கச்சி சொன்னால் ஒரு நம்பிக்கை. எனக்கும் அது பிடித்துப்போயிற்று. காலையில் காபி போடும்போதே போனில் இந்திய வானிலைப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே மேகம் நிற்கிறதா என்று பார்ப்பேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு எங்கள் தோட்டத்துக்கு நான் செய்யமுடிந்த ஒரே வேலை அதுதான்.

"மழை இல்லேண்ணே, மருந்தடிச்சுக்க" என்பேன். "சாயங்காலம் இருக்கும்போல, பாத்துக்க" என்பேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. டீக்கடையில் அண்ணன் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள்.

அனிட்டா ஒருநாள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க இருக்காத ஊரோட வானத்தை எதுக்கும்மா தினம் பாக்குறீங்க?" என்றாள். கேலியாக இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். ஏழு வயதில் வந்தவள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. ழகரம் முதலில் போயிற்று. போனில் மதினி "என்னத்தா, அங்கன மழையா?" என்று கேட்டதற்கு, "ஆமா அத்தை, ரொம்ப மலை வருது" என்றாள். மதினி சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "மலை வருதா? நல்லா வரட்டும். இங்கனதான் வரும்னு பாத்தேன், அங்கனயும் வருதா!"

அதுதான் மதினியின் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது. அதற்கு இரண்டு வாரத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

4

போன வருஷம் இதே மே மாதம். எங்களுக்குக் காலை எட்டரை, ஊரில் மதியம் ஒரு மணி. நான் வேலையில் இருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

"ஜெசி, ஒரு நிமிசம் பாத்துச் சொல்லுத்தா. வியாபாரி திங்கக்கிழம வாறேங்கிறாரு. பழம் இன்னும் ரெண்டு நாளு நின்னா நல்லா இனிச்சுக்கிரும். இங்கன ஒங்க மதினி எறும்பு ஏறுதுன்னு காலையிலருந்து என்னைய நிக்கவிட மாட்டேங்கிறா."

பின்னால் மதினியின் குரல் கேட்டது. "கல்லுக்கால்ல பாருங்க, அம்புட்டும் முட்டையத் தூக்கிக்கிட்டு ஏறுது. மலையும் கிட்ட வந்திருச்சு. ஆளுகளும் இருக்காக, இன்னைக்கே வெட்டிருவோம்ங்க."

இங்கே இல்லத்தில் ஒரு அறையின் அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் மருந்துத் தட்டு. மறு கையால் போனில் வானிலையைத் தட்டினேன். வரிசையாக மூன்று சூரியன்.

"மூணு நாளைக்கு நல்ல வெயில்தாண்ணே. தைரியமா இரு."

"கேட்டியா?" என்று அண்ணன் மதினியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "வானத்துக்கு மேல இருந்து பாத்துச் சொல்லுது என் தங்கச்சி. நீ எறும்பப் பாத்துக்கிட்டு நில்லு." வேலைக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் இங்கே சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அண்ணன் அனுப்பிய வீடியோ வந்திருந்தது. பேச்சில்லை. பந்தலுக்கு மேலே வெள்ளையாக மழை இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் கொடிகள் கிழிந்து தொங்கின. முக்கால் மணி நேரம் பெய்ததாம்.

போன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய மழையை எப்படிக் காட்டாமல் விட்டது என்று திறந்து பார்த்தேன். அந்த மூன்று சூரியன்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே ஊர்ப் பெயர் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்த இந்த அயர்லாந்து ஊரின் பெயர். பக்கத்தில் பத்தொன்பது டிகிரி என்று போட்டிருந்தது. முந்தின நாள் போனில் எதையோ புதுப்பித்தபோது அது தானாகவே நான் இருக்கும் இடத்துக்கு மாறிவிட்டிருக்கிறது. மே மாத வெயிலில் எங்கள் ஊர் பத்தொன்பது டிகிரிக்கு இறங்குமா? எண்ணை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். நான் சூரியனை மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் வெயில் ஏற ஏறப் பழமெல்லாம் வெடித்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, கை வைக்காமல் திரும்பிப் போய்விட்டார். வெட்டி வெட்டி வாய்க்கால் ஓரத்தில் கொட்டினார்களாம். ஒரு வாரத்துக்குக் காடி வாடையும் குளவியுமாக அந்தப் பக்கம் யாரும் நடக்க முடியவில்லையாம்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒன் தப்பா இது? வானத்தோட மனசு போனுக்குத் தெரியுமா? விடுத்தா" என்றார். திட்டியிருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் மன்னித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போயிற்று. மதினியைக் கேட்டேன். "இருக்கா, வேலையா இருக்கா" என்றார். அடுத்த வாரமும் வேலை. அதற்கடுத்த வாரமும் வேலை. ஒரு வருஷமாக மதினிக்கு வேலை.

நேரில் போய்ச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பு அட்டை முடிந்து, புதுப்பிக்க அனுப்பியிருக்கிறோம். அது கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி நுழைவது சந்தேகம். பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அனுப்பியாயிற்று. பரிசீலனையில் உள்ளது என்ற ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார் சேவியர். ஆனால் அதற்கு நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அந்தப் படிவத்தை இரண்டு தடவை எடுத்து, பெயர் எழுதியதோடு மூடி வைத்துவிட்டேன்.

5

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். மழை நிற்கவில்லை. பெண்ணின் வெள்ளை அங்கியில் முழங்கால் வரைக்கும் ஈரம். கோயில் வாசலில் படம் எடுக்க நின்றவர்களின் குடைகள் காற்றில் பின்னால் மடங்கின. நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விருந்து மண்டபத்தில் மோரீன் என்னை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய், சொரூபத்தைத் திருடிய அம்மா இதுதான் என்று மேசை மேசையாக அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயதானவர் மட்டும் சிரிக்காமல், எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று விசாரித்தார். ஆறு மணி என்றேன். அன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் மழை கனத்தது என்று தலையாட்டிக்கொண்டார். கழுத்தில் ஒட்டிய கோட்டைப் பற்றிக் கேட்டேன். தானாகத் தலை உடைந்த சொரூபத்துக்குத்தான் பலன் அதிகம் என்று சொன்னார்.

மணப்பெண்ணிடம் போய் நின்று, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் என் கன்னத்தில் முத்தமிட்டாள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து குழந்தை இயேசுவை மழையில் நிறுத்தத்தான் செய்திருக்கிறோம், முதல் தடவையாக நீங்கள்தான் உள்ளே கூட்டிப்போய் விளக்கேற்றினீர்கள் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்னாலிருந்து அனிட்டா சொன்னாள்: "நீங்க உடனே ஸாரி கேட்டீங்கள்ல அம்மா, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அந்த வார்த்தை எனக்குத் தாங்கவில்லை. காரிலேயே இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று சூரியன், பத்தொன்பது டிகிரி, எல்லாம். சேவியர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். அனிட்டாதான் கேட்டாள்.

"அப்போ அத்தை சொன்னது கரெக்ட். அது அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ இவ்ளோ நாளா அத்தை என்ன நினைச்சிட்டிருப்பாங்க?"

6

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்துவிட்டேன். ஊரில் பத்தரை. முதல் பூசை முடிந்து தோட்டத்துக்கு வந்திருப்பார்கள். அண்ணன் நம்பருக்குப் போடாமல் மதினி நம்பருக்குப் போட்டேன்.

"இருத்தா, ஒங்கண்ணனக் கூப்புடுறேன்."

"வேணாம் மதினி. ஒங்ககிட்டத்தான் பேசணும்."

சொன்னேன். எதையும் சுருக்காமல், மருந்துத் தட்டு, அழைப்பு மணி என்று சாக்கும் சொல்லாமல் சொன்னேன். முடித்தபிறகு அந்தப் பக்கம் மயில் ஒன்று அகவுவது மட்டும் கேட்டது.

"பத்தொம்பதா?" என்றார் மதினி.

"ஆமா மதினி."

"ஒரு வருசமா மனசுலயே வச்சிருந்தியா?"

"ஆமா."

"அன்னைக்கு வேலைக்கு வந்த பொம்பளைக எல்லாம் சிரிச்சாக. நீயும் சிரிச்ச. எனக்குக் கேட்டுச்சு." குரல் உயரவில்லை. "பழம் போனது போச்சு ஜெசி. அடுத்த காய்ப்புல வரும். அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்ல. எறும்பு ஏறுனாலும் ஏறட்டும்னு பாத்துக்கிட்டே போயிருவேன். எனக்கே சந்தேகம் வந்திருச்சு, நம்மதான் கிறுக்குத்தனமா என்னத்தையாச்சும் பாக்குறமோன்னு. ஆனா பாரு, அன்னைக்கு மழ வந்துச்சே. வந்தும் யாரும் என்னைய வந்து கேக்கல. ஒங்கண்ணே போன் தப்பாச் சொல்லிருச்சுன்னாக. நான் சரியாச் சொன்னேன்னு சொல்லல."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழச் சொல்லவும் இல்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

"என்கிட்டச் சொல்லிட்ட. அவுககிட்டயும் நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாக."

போன் கை மாறியது. அண்ணனிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரித்தா" என்றார். அவ்வளவுதான். போனை எங்கோ கல் மேல் வைத்த சத்தம் கேட்டது. அணைக்கவில்லை. செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று.

"தெரசு."

"என்னங்க?"

"இந்தத் தடவ எப்ப வெட்டலாம்?"

"வியாபாரி புதங்கெழமைல்ல வாறேன்னாரு?"

"அது கெடக்கட்டும். நீ சொல்லு."

"இருங்க. உள்ள ஒரு நடை போய்ட்டு வாறேன்."

போனை வைத்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். நானும் அணைக்கவில்லை. சமையலறையில் நின்றபடி காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பந்தலுக்குள் காற்று நுழைகிற சத்தம், இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஆட்டை அதட்டினார்கள். யாரும் என்னோடு பேசாத அந்தக் கால் மணி நேரம், ஒன்பது வருஷத்தில் நான் ஊரில் இருந்த நேரம் அதுதான் என்று தோன்றியது.

"இன்னைக்கே வெட்டிருவோம்" என்றது மதினியின் குரல்.

"சரி. ஆளுகளுக்குச் சொல்லு" என்றார் அண்ணன். அப்போது இணைப்பு அறுந்துபோயிற்று.

இங்கே மாலை நான்கு மணிக்கு, ஊரில் ராத்திரி எட்டரைக்கு, மதினியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவை. அப்படியே எழுதுகிறேன்.

"ஜெசி, வெட்டி முடிச்சாச்சு. வியாபாரியவும் பேசி வரவச்சு லோடு ஏத்தியாச்சு. லேசாப் புளிக்குதுன்னு மொகத்தச் சுழிச்சாரு. ஒங்கண்ணே ஒண்ணும் சொல்லல. மழ வரல. பொட்டு மேகமில்ல வானத்துல. அதுக்கும் ஒங்கண்ணே ஒண்ணும் சொல்லல. என்னையப் பாத்துச் சிரிச்சாக, சாப்புட்டாக, படுத்துட்டாக. ஒனக்குன்னு நாலு குலை கொடியிலயே விட்டிருக்கேன். அது நல்லாப் பழுத்துரும். எப்பத்தா வாற?"

அதை நான்கைந்து முறை கேட்டேன். கொடியில் விட்ட பழம் பத்து நாள் தாங்கும், மிஞ்சினால் பன்னிரண்டு. 'சீக்கிரம் வாறேன் மதினி' என்று பதில் பேசி, அனுப்பாமல் அழித்தேன். பிறகு மறுபடி பொத்தானை அழுத்திக்கொண்டு, "இப்ப வரமுடியாது மதினி. எப்பன்னும் தெரியல. பழுத்ததும் பறிச்சு நீங்க தின்னுங்க. எப்படி இனிச்சுச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றேன்.